ஊழியம், ஊதியம், ஊக்கத்தொகை

1890களின் தொடக்கத்தில் திண்டிவனத்தில் ஓர் இரவு. அமெரிக்க ஆற்காடு மிஷன் பங்களாவின் கதவை மூன்று ஆண்கள் அடுத்தடுத்து வந்து தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் இஸ்லாமியர், மூன்றாமவர் இன்னொரு சாதி இந்து. மூவர் வீட்டிலும் மனைவிக்குப் பிரசவம் சிக்கலாகி இருந்தது. பங்களாவில் டாக்டர் ஜான் ஸ்கடர் இருந்தார். ஆனால் வந்தவர்கள் கேட்டது அவரை அல்ல, இருபது வயதுகூடத் தாண்டாத அவர் மகளை. அவளோ மருத்துவம் படிக்காதவள். 'அப்பா வருவார், நானும் கூட வருகிறேன்' என்று சொல்லிப் பார்த்தாள். அந்நிய ஆண் முகம் பார்ப்பதைவிட அவள் செத்தாலும் பரவாயில்லை என்று திரும்பிப் போனார்கள். விடிந்ததும் பறையொலி கேட்டது. ஆள் அனுப்பி விசாரித்தபோது மூன்று பெண்களும் இறந்துபோயிருந்தார்கள்.

அந்த மகள்தான் ஐடா ஸ்கடர். ராணிப்பேட்டையில் 1870இல் பிறந்தவர். வேலூர் சி.எம்.சி.யை உருவாக்கியவர். தமிழ்நாட்டில் செவிலியர் படிக்கும் பெண் எவளும் இந்தக் கதையை ஒருமுறையாவது கேட்காமல் படிப்பை முடிப்பதில்லை. வளவனூரிலிருந்து விழுப்புரத்தில் பஸ் மாறிப் போனால் ஒன்றரை மணி நேரத்தில் திண்டிவனம் வந்துவிடும். ஆனாலும் அது நம் பக்கத்தில் நடந்தது என்று எங்கள் பள்ளியில் யாரும் சொன்னதில்லை. கல்லூரிக்குப் போன பிறகு ஒரு புத்தகத்தில்தான் படித்தேன்.

கதை என்னை உலுக்கியது. அதை மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு தடவை படிக்கும்போதும் எனக்கு ஒரு கேள்வி வந்துகொண்டே இருந்தது. கதவைத் தட்டிய மூன்று ஆண்களின் சாதியும் மதமும் தெரிகிறது. இறந்த மூன்று பெண்களின் பெயர் தெரியவில்லை. அவர்கள் பக்கத்தில் அன்றைக்கு இரவு முழுக்க யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதும் தெரியவில்லை. யாராவது இருந்திருப்பார்கள்தானே? பிள்ளை பெறுகிற பெண்ணை இந்த ஊர்களில் தனியே விட்டதில்லை. அம்மாவோ மாமியாரோ இருந்திருப்பார்கள். அவர்களோடு மருத்துவச்சி ஒருத்தி இருந்திருப்பாள்.

இந்தக் கட்டுரை அந்தப் பெண்ணில் தொடங்கி, இன்றைக்கு ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியோடு வீடு வீடாகப் போகும் பெண்வரை வருகிறது. சுகாதார வேலையில் இருப்பவர்களை எது உந்துகிறது என்று இப்போது நிறைய ஆய்வுகள் வருகின்றன. படிவம் கொடுத்து, ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போடச் சொல்கிறார்கள். இந்த ஆய்வுகள் பலவற்றுக்கும் அடிப்படையாக இருக்கும் கோட்பாடு பிரெடரிக் ஹெர்ஸ்பர்க்குடையது. 1959இல் வந்தது. சம்பளம், பணிச்சூழல் போன்றவை சரியில்லாவிட்டால் மனிதர்கள் அதிருப்தி அடைவார்கள். ஆனால் அவை மட்டும் ஊக்கம் தராது. அங்கீகாரமும் பொறுப்பும் வளர்ச்சியும்தான் ஊக்கம் தரும் என்பது அதன் சாரம். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பகுதியில் சுமார் 200 பொறியாளர்களையும் கணக்கர்களையும் பேட்டி கண்டு அவர் இந்த முடிவுக்கு வந்தார். அந்தக் காலத்து அமெரிக்கத் தொழிற்சாலையில் பொறியாளர் என்றால் யாராக இருந்திருப்பார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. வீட்டுக்குத் திரும்பினால் சோறு தயாராக இருக்கிறவர்களிடம் கேட்டுக் கட்டிய கோட்பாட்டை வைத்து நம் ஊர் நர்சம்மாவின் மனதை அளக்கிறார்கள்.

ஐடாவின் கதைக்கே ஒரு நிமிடம் திரும்புவோம். அவர் மிஷன் வாழ்க்கையை விரும்பியவர் அல்ல. அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று வந்தவர், சீக்கிரம் அமெரிக்கா திரும்பிவிட வேண்டும் என்ற எண்ணத்தில்தான் இருந்தார். அந்த இரவு அவர் மனதை மாற்றியது உண்மையாகவே இருக்கட்டும். மனம் மாறியதும் அவரால் என்ன செய்ய முடிந்தது என்பதையும் பார்க்க வேண்டும். கார்னெல் மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்க்கத் தொடங்கியிருந்தது. அங்கே 1899இல் பட்டம் பெற்றார். மருத்துவமனை கட்ட நியூயார்க்கில் ஒரு வங்கியாளர் தன் இறந்த மனைவியின் நினைவாகப் பத்தாயிரம் டாலர் கொடுத்தார். 1902இல் வேலூரில் அந்த மனைவியின் பெயரிலேயே மேரி டேபர் ஷெல் மருத்துவமனை வந்தது. 1909இல் செவிலியர் பள்ளியும் 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் தொடங்கினார். உந்துதல் இருந்தது, கதவும் திறந்தது. அதே இரவில் அதே சாவைக் கண்ணெதிரே பார்த்த மருத்துவச்சிக்கும் மனம் பதறியிருக்கும். அவளுக்கு எந்தக் கல்லூரி திறந்தது?

மருத்துவச்சி என்பவள் நம் பக்கத்தில் பெரும்பாலும் முடிதிருத்தும் சாதியைச் சேர்ந்தவள். அந்தச் சாதியார் தங்களை மருத்துவர் என்று சொல்லிக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. ஆண் சவரம் செய்ததோடு கட்டி கீறினான், மருந்து அரைத்தான். பெண் பிரசவம் பார்த்தாள். பிள்ளைப்பேறு தீட்டு, எனவே தீட்டைத் தொடுகிறவளும் கீழானவள். தொப்புள்கொடி அறுத்து, நஞ்சு எடுத்துப் புதைத்து, பிள்ளையைக் குளிப்பாட்டி, தாய்க்குக் காயம் அரைத்துக் கொடுத்துவிட்டுப் போகிறவளுக்கு நெல், ஒரு புடவை, வெற்றிலைபாக்கு, கொஞ்சம் காசு. ஆண் பிள்ளை என்றால் கூடுதல். திண்ணைக்கு மேல் ஏற முடியாதவள் பிரசவ அறைக்குள் மட்டும் போகலாம். எங்கள் அப்பாவைப் பிரசவம் பார்த்தவரைப் பற்றி எங்க ஆயா பேசும்போது பேர் சொன்னதே இல்லை. "அம்பட்டச்சி வந்தா, பாத்தா, போனா" என்பார். அவர் உயிரையும் என் அப்பா உயிரையும் கையில் வாங்கிக் கொடுத்தவளுக்கு அதுதான் பேர்.

இந்த மருத்துவச்சியிடம் 'உன்னை எது உந்துகிறது?' என்று வரலாற்றில் யாரும் கேட்டதாக நான் படித்ததில்லை. சாதித் தொழிலுக்கு உந்துதல் எதற்கு? பிறப்பே போதும் என்று ஊர் நினைத்தது. காலனிய மருத்துவ அறிக்கைகள் இன்னொரு பக்கமிருந்து அவளை அழித்தன. அழுக்கானவள், அறியாதவள், தாய்ச் சாவுக்குக் காரணமானவள் என்று எழுதின. அறியாமை இருந்தது, கையில் கிருமி இருந்தது, உண்மைதான். ஆனால் அதே நூற்றாண்டில் வியன்னாவின் மருத்துவமனையில் பிணமறுத்த கையோடு பிரசவம் பார்த்துப் பெண்களைச் சாகவிட்டவர்கள் படித்த ஆண் மருத்துவர்கள். அதைச் சுட்டிக்காட்டிய செம்மல்வைஸை அந்த உலகமே ஒதுக்கியது. அழுக்கு என்ற சொல் எந்தக் கையின் மேல் ஒட்டுகிறது, எந்தக் கையின் மேல் ஒட்டுவதில்லை என்பதைச் சாதியும் பாலினமும் தீர்மானிக்கின்றன.

1926இல் மெட்ராஸ் செவிலியர், மருத்துவச்சிகள் சட்டம் வந்தது. பதிவு, பயிற்சி, சான்றிதழ் என்று தொழில் ஒழுங்கானது. அதே 1926இல் இலங்கையில் களுத்துறையில் ஒரு சுகாதாரப் பிரிவைத் தொடங்கினார்கள். அரசுச் சம்பளத்தில் பயிற்சி பெற்ற மருத்துவமாதுகள் வீடு வீடாகப் போனார்கள். அந்த ஏற்பாடு நாடு முழுக்கப் பரவி இன்றுவரை நீடிக்கிறது. இலங்கையில் தாய்ச் சாவு குறைந்த கதையைப் பேசும் எவரும் அந்தப் பெண்களை விட்டுவிட்டுப் பேச முடியாது. அங்கே மருத்துவமாது ஓர் உத்தியோகத்தர். இங்கே மருத்துவச்சியை நாம் மெல்ல மெல்ல வீட்டுக்கு அனுப்பினோம். அவள் பேத்திகளில் எத்தனை பேர் செவிலியர் கல்லூரிக்குள் போக முடிந்தது என்று யாரும் கணக்கெடுக்கவில்லை.

ஒரு சொல்லைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். ஊழியம். திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட சாதியார்மேல் சுமத்தப்பட்ட கூலியில்லாக் கட்டாய வேலைக்கு ஊழியம் என்றே பெயர். கிராமத்தில் ஊழியக்காரி என்றால் வேலைக்காரி. தேவாலயத்தில் ஊழியம் என்றால் கடவுளின் பணி; மிஷன் மருத்துவமனைச் செவிலியர் செய்தது அந்த ஊழியம். அரசு அலுவலகத்தில் ஊழியர் என்றால் மாதச் சம்பளமும் விடுப்பும் ஓய்வூதியமும் உள்ளவர். ஒரே சொல்தான். எந்த வாசலில் நின்று சொல்கிறோம் என்பதில் அடிமைத்தனம், புனிதம், உரிமை மூன்றும் இருக்கின்றன. நம் செவிலியர்களின் வரலாறு இந்த வாசல்களுக்கு இடையே மாறி மாறித் தள்ளப்பட்ட வரலாறு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

என் அத்தை மூன்றாவது வாசல் வழியாக நுழைந்தவர். 1960இல் பிறந்தவர், எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவர். வீட்டில் நான்கு பெண்கள், நிலம் ஒன்றரை ஏக்கர். 1973இல் கர்த்தார் சிங் குழு ஒரு பரிந்துரை தந்திருந்தது: துணைச் செவிலியர், தடுப்பூசி போடுபவர், மலேரியா பார்ப்பவர் என்று தனித்தனியே இருப்பதை மாற்றி, பல்நோக்குப் பணியாளர்களாக்க வேண்டும் என்பது. அதன்படி பதினெட்டு மாதப் பயிற்சி வந்தது. தமிழ்நாட்டில் அவர்கள் கிராம சுகாதார செவிலியர் ஆனார்கள். 1980களில் டென்மார்க் அரசின் டானிடா உதவியோடு சேலத்திலும் அப்போதைய தென்னாற்காட்டிலும் சுகாதாரத் திட்டம் ஒன்று நடந்தது; துணை சுகாதார நிலையக் கட்டடங்கள் எழும்பின. விழுப்புரம் தனி மாவட்டமானது 1993இல்தான். அத்தைக்கு வேலை கிடைத்தபோது எங்கள் ஊரும் தென்னாற்காடுதான். சமவெளியில் ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை நிலையம், ஒரு நர்ஸ் என்பது கணக்கு.

"ஏன் அத்தை இந்த வேலைக்குப் போனீங்க?" என்று ஒருமுறை கேட்டேன். நான் எதிர்பார்த்தது என்னவோ. அவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"கவர்மெண்ட் வேலைடீ. கூடவே குவார்ட்டர்ஸ். சாவி என் கையில."

சாவி என்ற அந்தச் சொல்லை நான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இருபத்து மூன்று வயதில், கல்யாணம் ஆகாமல், தன் பெயருக்கு ஒதுக்கப்பட்ட ஒரு வீட்டின் சாவி. தனியே சைக்கிளில் போகலாம். எந்தத் தெருவுக்குள்ளும் நுழையலாம், யாரும் ஏன் என்று கேட்கக் கூடாது. 'நர்சம்மா வர்றாங்க' என்று ஆண்கள் திண்ணையிலிருந்து எழுந்து வழிவிடுவார்கள். ஹெர்ஸ்பர்க்கின் பட்டியலில் சம்பளமும் குடியிருப்பும் ஊக்கம் தராதவை என்ற பக்கத்தில் இருக்கின்றன. நடமாட்டம் என்ற ஒன்று அந்தப் பட்டியலில் எந்தப் பக்கத்திலும் இல்லை. வீட்டைவிட்டு வெளியே போவதற்கு அனுமதி கேட்க வேண்டியிராதவர்களுக்கு அது ஒரு பேறு என்று எப்படித் தெரியும்?

அந்த வேலை அவரை எங்கெல்லாம் காயப்படுத்தியது என்பதையும் சொல்ல வேண்டும். 'கேஸ்' பிடிப்பது. குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைக்கு இத்தனை பெண்களைக் கொண்டுவர வேண்டும் என்று ஆண்டுக்கு ஒரு இலக்கு இருந்தது. ஆசிரியர்களுக்கும் கிராம அலுவலர்களுக்கும்கூட இலக்கு இருந்ததால், இரண்டு பிள்ளை பெற்ற ஒருத்தியைப் பிடிக்க மூன்று பேர் வாசலில் நிற்பார்கள். அத்தை மாதக்கணக்கில் பேசிச் சம்மதிக்க வைத்தவளை, வாத்தியார் ஒருவர் பஸ் கட்டணம் கொடுத்துத் தன் கணக்கில் எழுதிக்கொண்டாராம். இலக்கு முடியாத மாதம் மேலதிகாரி சம்பளத்தை நிறுத்திவைப்பேன் என்பார். "அன்னிக்கெல்லாம் எங்களப் பாத்தா பொம்பளைங்க கதவச் சாத்திக்குவாங்க. புள்ளைக்கு ஊசி போடப் போனாலும் கேஸ் புடிக்கத்தான் வர்றேன்னு நெனப்பாங்க" என்றார். நெருக்கடி நிலைக் காலத்தில் வடக்கே ஆண்களின் மேல் பாய்ந்த திட்டம், அரசியல் விலை அதிகம் என்று தெரிந்ததும் பெண்களின் மேல் திரும்பியது. அதைத் திருப்பிய கைகளாகப் பெண் ஊழியர்களையே அரசு வைத்துக்கொண்டது. 1996இல்தான் நாடு முழுக்க இலக்கு முறை கைவிடப்பட்டது. அந்தப் பதின்மூன்று ஆண்டுகளைப் பற்றி அத்தை அதிகம் பேச மாட்டார்.

காலனிக்கும் ஊருக்கும் ஒரே நர்ஸ் என்பதும் சுலபமாக இல்லை. அத்தையின் தோழி ஒருவர் தலித். அவர் ஊர்த்தெருவில் தடுப்பூசி போடப் போனால் பிள்ளையை வாசலுக்குத் தூக்கிவந்து கொடுப்பார்கள், தண்ணீர் கேட்டால் சொம்பைத் தரமாட்டார்கள். பிரசவ வலி எடுத்த இரவில் மட்டும் அதே வீட்டின் உள்ளறை வரை கூப்பிடுவார்கள். மருத்துவச்சிக்கு நடந்ததேதான். சீருடையும் சம்பளமும் வந்த பிறகும் நடந்தது. ஆனால் ஒரு வித்தியாசம் இருந்தது என்று அந்தத் தோழி சொல்வாராம்: "அவங்க நெல்லு அளக்க வேணாம். எனக்கு ஒண்ணாந்தேதி கஜானாவுல இருந்து வருது." ஊரை நம்பிப் பிழைக்காத வேலை என்பது தலித் பெண்ணுக்கு என்ன அர்த்தம் என்பதை இதைவிடத் தெளிவாக நான் எந்த ஆய்விலும் படிக்கவில்லை.

அத்தை 2018இல் ஓய்வு பெற்றார். தமிழ்நாட்டில் கிட்டத்தட்ட எல்லாப் பிரசவமும் இப்போது மருத்துவமனையில்தான். 2018-20க்கான மாதிரிப் பதிவுக் கணக்கின்படி ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புக்குத் தாய்ச் சாவு தமிழ்நாட்டில் 54, இந்திய சராசரி 97. மேடையில் அமைச்சர்கள் சொல்லும் இந்த எண்ணுக்குப் பின்னால் எட்டாயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்ட துணை நிலையங்களின் பதிவேடுகள் இருக்கின்றன. யாருக்கு எத்தனையாவது மாதம், யாருக்கு ரத்தம் குறைவு, யார் முதல் பிள்ளைக்கு ஆபரேஷன் என்பதையெல்லாம் அத்தை இன்றும் தெருவாரியாகச் சொல்வார். ஓய்வூதியம் வாங்குகிறார். 2003 ஏப்ரலுக்குப் பிறகு சேர்ந்த அவருடைய இளைய தோழிகளுக்கு அந்தப் பழைய ஓய்வூதியம் இல்லை.

அதற்குப் பிறகு நடந்தது பின்னோக்கிய பயணம். 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்திய தேர்வில் ஆயிரக்கணக்கான செவிலியர்கள் தேர்வானார்கள். தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். இரண்டு ஆண்டில் காலமுறை ஊதியம் என்பது வாக்கு. அது நிறைவேறாததால் 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்தார்கள். கைக்குழந்தையோடு வந்தவர்களும் இருந்தார்கள். உயர் நீதிமன்றம் பணிக்குத் திரும்பச் சொன்னது. அந்த நாட்களில் தொலைக்காட்சி விவாதங்களிலும் டீக்கடைகளிலும் ஒரே கேள்வியைக் கேட்டேன்: 'சேவை செய்ய வந்தவங்க இப்படிச் சம்பளத்துக்குப் போராடலாமா?'

இந்தக் கேள்வி எப்போது எழுகிறது என்று கவனியுங்கள். வேலை செய்யும்போது நர்ஸின் உந்துதலைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. அவள் கூலி கேட்கும்போதுதான் அவள் மனதைச் சோதிக்கிறார்கள். சென்னை பொது மருத்துவமனை வாசலில் டாக்டர் ரங்காச்சாரிக்குச் சிலை இருக்கிறது. அவர் கைத்திறனும், நோயாளிகளைப் பார்க்கப் போக அவர் வைத்திருந்த சொந்த விமானமும்தான் அவரைப் பற்றிய கதைகள். அவர் ஏன் மருத்துவரானார் என்று கேட்கும் கதை ஒன்றை நான் கேள்விப்பட்டதில்லை. முத்துலட்சுமி ரெட்டியைப் பற்றிப் பேசினால் புற்றுநோயில் இறந்த தங்கையிலிருந்துதான் ஆரம்பிப்போம். 1912இலேயே மருத்துவப் பட்டம் வாங்கிய திறமை இரண்டாவதாகத்தான் வரும். ஆணுக்குத் திறமை போதும். பெண்ணின் திறமைக்கு ஒரு கண்ணீர்க் கதை சான்றொப்பம் போட வேண்டும்.

2020 மார்ச் 22 மாலை ஐந்து மணிக்குக் கைதட்டினோம். எங்கள் தெருவில் தட்டும் கரண்டியும்கூட. மே 3ஆம் தேதி விமானப்படை மருத்துவமனைகள்மேல் பூத்தூவியது. அந்த ஆண்டு ஒப்பந்தத்தில் சேர்க்கப்பட்ட செவிலியர் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரின் பணி 2022 டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிந்தது. புத்தாண்டில் அவர்கள் தெருவில் நின்றார்கள்.

2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பட்டது. நல்ல திட்டம். நீரிழிவுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. ஜிப்மருக்குப் போய் விடியற்காலையில் கோரிமேட்டில் வரிசையில் நிற்கும் கொடுமையிலிருந்து எங்கள் தெருக் கிழவிகள் பலர் தப்பித்தார்கள். மாத்திரை கொண்டுவருகிறவர் மகளிர் சுயஉதவிக் குழுவைச் சேர்ந்த பெண். அவருக்கு அரசு வைத்த பெயர் தன்னார்வலர். கொடுப்பதன் பெயர் ஊக்கத்தொகை. தொடங்கியபோது மாதம் 4,500 ரூபாய். நாளுக்கு 150. வளவனூர் பக்கம் களை பறிக்கப் போனால்கூட அதைவிட அதிகம் கிடைக்கும்.

ஊக்கத்தொகை என்பது தமிழில் அழகான சொல். உந்துதலுக்கான காசு. ஆனால் அது ஊதியம் இல்லை. ஊதியம் இல்லாததால் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் தொடாது, வைப்புநிதி வராது, பேறுகால விடுப்பு கேட்க முடியாது. 2005இல் கொண்டுவரப்பட்ட ஆஷா பணியாளர்களுக்கும் இதே ஏற்பாடுதான். பிறர் பேறுகாலத்தைப் பார்த்துக்கொள்பவளுக்குத் தன் பேறுகாலத்துக்குச் சட்டம் இல்லை. ஊழியம் என்பது மறுபடியும் முதல் வாசலுக்குப் போய்விட்டது, பெயர்தான் தன்னார்வம்.

எங்கள் தெருவுக்கு வருகிறவருக்கு நாற்பது வயது இருக்கும். அவரிடமும் ஏன் இந்த வேலை என்று கேட்டேன். சிரித்தார். "சும்மா வீட்ல இருக்கறதுக்கு... அப்புறம் பிரஷர் பாக்கக் கத்துக் குடுத்தாங்க இல்ல, எங்க வீட்டுக்காரருக்கு இருந்தது நான் பாத்துதான் தெரிஞ்சுது" என்றார். பிறகு, கேட்காமலே, "பர்மனென்ட் பண்ணுவாங்கன்னு சொல்லிகினு இருக்காங்க. ஒங்களுக்கு ஏதாவது தெரியுமா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

பக்கத்து வீட்டுப் பெண் இந்த ஆண்டு பி.எஸ்சி. நர்சிங் சேர்ந்திருக்கிறாள். அப்பா கல்யாணத்துக்கு என்று வைத்திருந்த நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்டினார். ஜெர்மன் மொழி வகுப்பு எங்கே நடக்கிறது, புதுச்சேரியிலா விழுப்புரத்திலா என்று இப்போதே விசாரிக்கிறாள். சேரும்போது நேர்காணலில் ஏன் இந்தப் படிப்பு என்று கேட்டார்களாம். "சேவை செய்யன்னு சொன்னேன்க்கா. அப்படித்தான் சொல்லணும்னு சீனியர் சொல்லிக் குடுத்தாங்க" என்றாள். அத்தை திண்ணையில் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். "சம்பளம் எவ்ளோன்னு நீ கேட்டியா?" என்றார்.